எத்திராஜ் நைனாவின் ஆயில் பம்ப்

எத்திராஜ் நைனா போயிட்டாரு.

நேத்து மத்தியானம், எண்ணூர்ல அவர் தங்கச்சி வீட்டுல. காய்ச்சல்னு படுத்தாராம்... அவ்வளவுதான்.

நம்ம ஸ்டாண்டு போர்டுல பஸ் டைமிங் மட்டும்தான் ஒட்டணும்னு ரூல். தெரியும். இன்னைக்கு அதுக்கு மேலேயே இதை ஒட்டுறேன். திட்டுறவங்க நாளைக்கு வந்து திட்டுங்க.

ராயபுரம் வீட்டுல இருந்து இன்னைக்குப் பகல்ல எடுக்குறாங்க. என் வண்டி இன்னைக்கு ஓடாது.

புதுசா சேர்ந்தவங்களுக்காகச் சொல்றேன். ராயபுரம் - எண்ணூர் ரோட்டுல எனக்கு ஒரு பஸ், அவருக்கு ஒரு பஸ். ஒரே மேக், ஒரே கப்பல்ல வந்து இறங்கினது. ரெண்டு பேருமே ஓனர், ரெண்டு பேருமே டிரைவர்.

பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது.

திருவொற்றியூர் கோயில் ஸ்டாப்புல யார் முதல்ல போய் ஆள் ஏத்துறதுன்னு தினமும் ரேஸ்தான். எங்க ஹாரன் சத்தம் கேட்டாலே ஜட்காக்காரங்க ரோட்டை விட்டு இறங்கி நின்னுடுவாங்க.

மீன்காரம்மாங்களைக் கூடையோட ஏத்த மாட்டேன்னு நான் சொல்லுவேன். அவரு கூடையை எல்லாம் மேல கட்டிக்குவாரு. அதனால நான் முன்னாடி போனாலும் அந்தம்மாங்க அவருக்காகத்தான் நிப்பாங்க... எனக்கு வயிறு எரியும்.

அப்போதான் என் வண்டியில ஆயில் பிரஷர் இறங்க ஆரம்பிச்சுச்சு. டிரிப்புக்கு டிரிப் மீட்டர் முள்ளு கீழ கீழ வருது.

அதுக்கு அன்னைக்கு நம்ம ஸ்டாண்டு வைத்தியம் என்னன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். விளக்கெண்ணெய்! ஆயில் கெட்டியானா முள்ளு ஏறும்னு, இருக்கிற ஆயில் மேலேயே எல்லாரும் ஊத்துவோம். நானும் ஊத்தினேன். முள்ளு ஜம்முனு ஏறிச்சு.

மறுநாள் டோல்கேட் தாண்டிப் போறேன், பஸ் நிறைய ஆளு. பின்னாடி வந்த நைனா என்னை முந்திகிட்டுப் போயி, வண்டியை ரோட்டுக்குக் குறுக்கே போட்டு நிறுத்திட்டாரு.

"என் ஆளுங்களை இஸ்துகினு போவலாம்னு பாக்கிறியா?"ன்னு கத்திகிட்டே இறங்கினேன்.

"உன் ஆளு யாருக்குடா வோணும், கய்தே? மொதல்ல இன்ஜினை நிறுத்து! பக்கத்துல வரசொல்லோ கேட்டேன், உள்ளாற தட்டிகினு கீது. இன்னும் கொஞ்சம் ஓட்டுன, பேரிங் பூடும்."

முள்ளைப் பார்த்தேன். அடியோட படுத்துக் கிடக்கு.

மீட்டருக்குப் போற செம்புக் குழாயை அவரு இன்ஜின் பக்கம் கழட்டினாரு. ஹாண்டில் போட்டு என்னைச் சுத்தச் சொன்னாரு. சுத்து சுத்துன்னு சுத்தினேன்... ஒரு சொட்டு ஆயில் வரல.

"மீட்டர் பொய் சொல்லலடா. பம்புதான் ஏத்தல"ன்னாரு. ஆயில் அளக்குற கம்பியை உருவி மோந்து பார்த்தாரு. "இன்னாடா இது... புள்ள பெத்த வூடாட்டம் நாறுது!"

பஸ்ல இருந்த பொம்பளைங்க எல்லாம் ஒரே சிரிப்பு. எனக்கு மூஞ்சியை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல.

என் ஆளுங்களைத் தன் வண்டியிலேயே ஏத்திகிட்டுப் போனாரு. இறக்கிட்டுத் திரும்பி வந்து, கயிறு கட்டி என் வண்டியை ஷெட்டுக்கு இழுத்துட்டு வந்தாரு.

அடியில ஆயில் தொட்டியைக் கழட்டிப் பார்த்தா, ரெண்டு எண்ணெயும் ஒண்ணு சேராம பிசின் மாதிரி திரண்டு சல்லடையை அடைச்சிருக்கு. ஆயில் கிடைக்காம காஞ்சு ஓடி, பம்ப் சக்கரத்துப் பல்லு மொத்தமும் போச்சு. பேரிங்கை ஒவ்வொண்ணா ஆட்டிப் பார்த்தாரு. அது தப்பிச்சிருந்துச்சு.

புது பம்ப் பம்பாய்ல இருந்து ரயில்ல வரணும். எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது.

அந்த வாரம்தான் என் ரூட் லைசென்ஸைப் புதுப்பிக்க இன்ஸ்பெக்டர் வர்றாரு. ஓடாத வண்டிக்கு லைசென்ஸ் கிடையாது, என் டைமிங் அடுத்தவங்களுக்குப் போயிடும். அந்த டைமிங்கை வேணும்னு கேட்டு வச்சிருந்தது யாரு? சாட்சாத் எத்திராஜ் நைனாவேதான்!

என் கதை முடிஞ்சுதுன்னு டூல் பெட்டி மேல உக்காந்துட்டேன். வீட்டுல போய் எப்படிச் சொல்றதுன்னு ஒரே யோசனை.

நிமிர்ந்து பார்த்தா... அவரு தன்னோட வண்டிக்கு அடியில படுத்திருக்காரு.

நல்லா ஓடுற வண்டிங்க அது. ஆயிலை வடிச்சு, தொட்டியை இறக்கி, பம்பை உருவி வெளிய எடுக்குறாரு.

"நைனா... இன்னா பண்ற நீ?"

"கண்ணு தெர்ல? அந்த ஸ்பேனரை எட்து குடு."

சத்தியமாச் சொல்றேன், இப்படி ஒரு மனுஷன் இருக்க முடியும்னு அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

அவருக்கு லைசென்ஸ் ஏற்கெனவே கிடைச்சிருந்துச்சு. அவர் வண்டி கட்டை மேல நின்னுச்சு, என் வண்டி இன்ஸ்பெக்டர் முன்னாடி ஓடிச்சு. எனக்கும் லைசென்ஸ் கிடைச்சுது.

அதுக்கப்புறம் நான் ஸ்டாண்டைத் தாண்டும்போதெல்லாம் தன் பஸ் படியில உக்காந்துகிட்டுக் கத்துவாரு. "டேய் வெளக்கெண்ணெ, மெதுவா போடா! அது என் பம்பு!"

ஏன் நைனா நீ இப்படிச் செஞ்சேன்னு ஒரு நாள் கேட்டேன். பீடியைப் பத்த வச்சுகிட்டே, "முள்ளு எங்க நிக்குதுடா?"ன்னாரு.

பம்பாய் பார்சல் வந்ததும், உன் பம்பைக் கழட்டித் தர்றேன் நைனான்னேன்.

"ஓடுற இன்ஜினை எதுக்குடா அவுக்குற? புச்சு எனக்கு. நீ அதையே வச்சிகினு ஓட்டு." அடுத்த நாளே கோயில் ஸ்டாப்புக்கு எனக்கு முன்னாடி போயிட்டாரு, மகராசன்.

நேத்து சாயங்காலம் எண்ணூர்ல இருந்து அவரை என் வண்டியிலதான் கொண்டு வந்தோம். பின்னாடி சீட்டை எல்லாம் எடுத்துட்டுப் படுக்க வச்சோம். தங்கச்சி தலைமாட்டுல உக்காந்திருந்தாங்க.

வழி பூரா முள்ளு இறங்கவே இல்ல. அவரோட பம்ப்தான் ஓடிச்சு.

போய்ட்டு வா நைனா.