டெக்லாவின் வயிற்றெரிச்சல்

எங்கள் ஊர் தேவாலயத்தில் ஒருத்தி அழுவதைப் பார்த்து ஒன்பது வருஷம் வயிறெரிந்தவள் டெக்லா. இதைச் சொல்ல எனக்கு அருகதை உண்டு. நான் அவளுக்குப் பக்கத்து வீடு, அதோடு பாடகர் குழுவில் நிற்பவள். பாடுகிறவர்களின் மாடத்திலிருந்து பார்த்தால் யார் ஜெபிக்கிறார்கள், யார் கொட்டாவி விடுகிறார்கள் என்பதெல்லாம் அப்பட்டமாகத் தெரியும்.

டெக்லாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பாலர் பள்ளியில் சமையல் வேலை. காலையில் எழுபது பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு மத்தியானம் தேவாலயத்துக்கு வந்துவிடுவாள். மெழுகுவர்த்தித் தட்டுகளில் உறைந்த மெழுகைச் சுரண்டுவாள். பீடத் துணிகளைத் துவைத்துத் தேய்ப்பாள். காணிக்கை அப்பம் சுடுவாள். இருபத்திரண்டு வருஷமாகத் தேவாலயத்தின் சாவி அவள் இடுப்பில்தான். மூன்று பாதிரியார்கள் வந்து போய்விட்டார்கள், சாவி இடம் மாறவில்லை. நல்ல மனுஷிதான், நாக்குதான் கொஞ்சம் கூர்மை.

அக்லாயா ஆற்றுக்கு மேற்பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவள். தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள், தனிக்கட்டை. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே மூன்றாவது தூணருகே நின்று பொலபொலவென்று கண்ணீர் விட்டாள். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். சத்தமில்லை, விசும்பல் இல்லை, கண்ணீர் மட்டும் தாடை வரைக்கும் வழியும். அவள் துடைக்கவும் மாட்டாள். ஊர் மெய்சிலிர்த்துப் போயிற்று. ஜெபம் கேட்பவர்கள் வேண்டியவர்களின் பெயர்களை ஒரு சீட்டில் எழுதிப் பாதிரியாரிடம் கொடுப்பது எங்கள் வழக்கம். ஒரு வருஷத்துக்குள் பாதிச் சீட்டுகள் பாதிரியாரைத் தாண்டி அக்லாயாவின் கைப்பைக்குள் போக ஆரம்பித்தன. நான் எவ்வளவு உச்சத்தில் பாடினாலும் எல்லார் தலையும் அந்தத் தூணை நோக்கியே திரும்பும். எனக்கும் கொஞ்சம் எரிந்தது, மறைப்பானேன்.

டெக்லாவின் எரிச்சல் வேறு மாதிரி. ஒருநாள் மெழுகு சுரண்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"மெலானியா, உனக்கு ஜெபம் பண்றப்ப ஏதாவது தோணுமா?"

"சில நாள் தோணும். சில நாள் அடுப்புல வச்சது ஞாபகம் வரும்."

"எனக்கு அதுகூட வர்றதில்ல. எப்பலேர்ந்துன்னு தெரியல. வாய் பாட்டுக்குச் சொல்லுது, கை பாட்டுக்குச் சிலுவை போடுது, உள்ள ஒண்ணுமே இல்லடி. கழுவிக் கவுத்த பானை மாதிரி இருக்கு." கத்தியை ஓங்கித் தட்டினாள். "நான் இந்தத் தரையை முழங்கால் தேயத் துடைக்கிறேன். அவ ஒரு துடைப்பத்தைத் தொட்டிருக்காளா? ஆடி அசைஞ்சு வர்றா, நிக்கிறா, அவளுக்குக் கொட்டுது. எனக்கு ஒரு சொட்டு குடுத்தா குறைஞ்சா போயிடும்?"

கொடுக்க வேண்டியது யார் என்று நான் கேட்கவில்லை. கத்தி அவள் கையில் இருந்தது.

ஒரு சமயம் டெக்லா, அருள் அக்லாயா நிற்கும் இடத்தில்தான் இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, விடியற்காலையிலேயே வந்து மூன்றாவது தூணருகே நின்றுகொண்டாள். அக்லாயா வந்தாள், பார்த்தாள், வாசல் பக்கம் போய் நின்றாள். அங்கேயும் வழிந்தது. டெக்லாவுக்குக் கால் வலி வந்ததுதான் மிச்சம்.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது அவள் புருஷன் ஸாவாவால். போன இலையுதிர் காலத்தில் அவனுக்கு வயிற்றில் கட்டி, தலைநகரில் அறுவை சிகிச்சை என்று முடிவாயிற்று. புறப்படும் முன் அந்த மனுஷன் தடியை ஊன்றிக்கொண்டு, சொந்தப் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அக்லாயா வீட்டுக்குப் போய்த் தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். அதே வாரம் இத்தாலியில் வேலை பார்க்கும் மகள் ஸ்தேலா போனில் கூப்பிட்டு, "அம்மா, அக்லாயா அத்தைகிட்டச் சொல்லி அப்பாவுக்காக ஜெபிக்கச் சொல்லு" என்றாளாம்.

"நான் பக்கத்துல படுத்துக் கிடக்கேன் மெலானியா. முப்பத்தஞ்சு வருஷமா. என் ஜெபம் மேல போகாதுன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கு பாரு."

ஸாவா பிழைத்து வந்தான். ஊர் முழுக்க அக்லாயாவைக் கொண்டாடியது. டெக்லா அன்றே முடிவு கட்டிவிட்டாள். ஈஸ்டர் முடிந்ததும் சாவியைப் பாதிரியாரிடம் கொடுத்துவிட்டு மகளிடம் போய்விடுவது, அங்கே எந்தக் கோயில் வாசலையும் மிதிப்பதில்லை. காலியாக இருப்பவள் வீட்டிலேயே காலியாக இருந்துகொள்ளலாமே என்றாள். சும்மா மிரட்டுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

தவக்காலத்துக்கு முந்தைய நாள் மன்னிப்பு ஞாயிறு. சாயங்காலப் பூசை முடிந்ததும் பாதிரியார் முன்னால் நிற்பார். முதல் ஆள் வந்து தரையைத் தொட்டு வணங்கி மன்னிப்புக் கேட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அடுத்த ஆள் இருவரிடமும் கேட்டுவிட்டு மூன்றாவதாக நிற்பார். வரிசை இப்படியே நீண்டு சுவரைச் சுற்றி வளையும். ஊரில் ஒருத்தர் இன்னொருத்தர் முகத்தைப் பார்க்காமல் தப்பவே முடியாது. டெக்லா மட்டும் தப்பிவிடுவாள். வரிசை தொடங்கும்போதே, பாலாடைக்கட்டி வைத்த ப்ளசிந்தா ரொட்டிகளைச் சூடு பண்ண வேண்டும் என்று நிலவறைச் சமையலறைக்கு இறங்கிவிடுவாள். மறுநாள் முதல் பாலும் முட்டையும் கிடையாது என்பதால், அன்று ப்ளசிந்தா ஆறிப்போவதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஒன்பது வருஷமும் அக்லாயாவிடம் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை.

இந்த வருஷம் வந்திருந்தவர் புதிய பாதிரியார் நிக்கனோர். உள்விவரம் எதுவும் தெரியாதவர். டெக்லா படிக்கட்டைப் பார்த்து நகர்வதைக் கண்டதும், "டெக்லாம்மா, எங்க போறீங்க? இந்தக் கோயிலைத் தாங்குறதே நீங்கதான். நீங்கதான் முதல்ல வரணும்" என்று கூப்பிட்டார்.

"ப்ளசிந்தா ஆறிடும் சாமி."

"ஆறினதைச் சாப்பிட்டா யாரும் செத்துட மாட்டாங்க. வாங்க."

வேறு வழியில்லை. முகம் சுண்டிப்போய் முதலாவதாக நின்றாள். எனக்கு அன்று தொண்டை கட்டியிருந்ததால் பாடப் போகவில்லை. அவளுக்கு அடுத்து நான். வந்தவர்களெல்லாம் குனிந்து கேட்க, அவளும் குனிந்து, "கடவுள் மன்னிப்பாரு, என்னையும் மன்னிங்க" என்று கடகடவென்று சொல்லி அனுப்பினாள். பதினேழாவது ஆளாக அக்லாயா வந்தாள். முகமெல்லாம் ஈரம்.

"தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதையெல்லாம் மன்னிச்சிருங்கக்கா."

டெக்லா குனியாமல் நின்றாள். பின்னால் வரிசை தேங்கியது. நான் முழங்கையால் இடித்தேன்.

"பொய் சொல்ல வரல அக்லாயா," என்றாள் டெக்லா, பல்லைக் கடித்துக்கொண்டு. "உன்னைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஒன்பது வருஷமா."

"நான் என்ன செஞ்சேன்?"

"அழுற. என்னால முடியல."

அக்லாயா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு டெக்லாவின் காதோரம் குனிந்தாள். என் காதும் பக்கத்தில்தான் இருந்தது.

"அக்கா, இது கண்ணு வியாதி. கண்ணீர் உள்ள இறங்குற குழாய் அடைச்சுக்கிச்சு. புகை பட்டா வழியும். பஸ்ஸுல காத்து அடிச்சாலும் வழியும். துடைச்சா புண்ணாயிடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

டெக்லா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப உள்ள?"

"உள்ள என்ன, ஒண்ணுமில்ல. இங்க வர்றதுக்கு முன்னாடியே வத்திப்போச்சு. சொல்லிடலாம்னு வாயெடுக்கிறப்பல்லாம் யாராவது ஒரு சீட்டைக் கையில திணிச்சுடுவாங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"பின்ன என்னத்துக்குடி வாராவாரம் வந்து நிக்கிற?"

"சீட்டுல பேரு இருக்கே, வாசிக்கணுமே. தினம் காலையில உக்காந்து ஒண்ணு விடாம வாசிக்கிறேன். உங்க வீட்டுக்காரர் பேரையும்தான். ஒண்ணும் தோணாது. ஆனாலும் வாசிச்சிடுவேன்."

டெக்லாவின் கழுத்து சிவந்தது. அறையப் போகிறாள் என்றே நினைத்தேன். ஒன்பது வருஷப் பொறாமை ஒரு அடைத்துப்போன குழாயின் மேல் என்றால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? ஆனால் அவள் மெதுவாகக் குனிந்தாள். மற்றவர்களுக்குக் குனிந்தது போல இல்லை, கை தரையில் நன்றாகப் பட்டது. "கடவுள் மன்னிப்பாரு," என்றாள். பிறகு நிமிர்ந்து, "பாதிச் சீட்டை நாளைக்கு எங்கிட்டக் குடு," என்றாள். கேட்ட மாதிரி இல்லை, சமையலறையில் உத்தரவு போட்ட மாதிரி இருந்தது.

ப்ளசிந்தாவை ஆறினபடியே சாப்பிட்டோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாளிலிருந்து பாலர் பள்ளிக்குப் போகும் முன் டெக்லா ஜன்னலருகே உட்கார்ந்து பெயர் வாசித்தாள். நூற்றுப் பதினாறு பேர். சுவர் மெல்லியது, எனக்கு நன்றாகக் கேட்கும். முதல் வாரம் கொள்முதல் பட்டியல் படிப்பது போல வேகமாக ஓட்டினாள். ஸாவாவின் பெயரைக்கூட நிறுத்தாமல் தாண்டினாள். மூன்றாவது வாரம் கடைசிப் பெயருக்குப் பிறகும் ஒரு பெயர் வந்தது. அக்லாயா. அதை மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

அன்று உருளைக்கிழங்கு சீவும்போது கேட்டேன். "அது யார் குடுத்த சீட்டு?"

"யாரும் குடுக்கல. அவகிட்ட இருக்கிற பாதியையும் வாங்கி ரெண்டு தடவை தேடிட்டேன். ஊரே அவ கையில பேரைத் திணிச்சுது, அவ பேரை ஒருத்தரும் எழுதல. அதான் நான் சேர்த்தேன்."

"அப்ப இத்தாலி?"

"எங்க போறது? இவளை இங்க விட்டுட்டுப் போனா நான் திரும்பி வர்றதுக்குள்ள புனிதையாக்கிச் சுவத்துல படமா மாட்டிடுவீங்க."

"இன்னும் பொறாமைதானா?"

சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டாள்.

"மத்தப் பேரைச் சொல்றப்ப உள்ள ஒண்ணும் அசையறதில்ல. அவ பேரு வந்தா மட்டும் குத்துது. பொறாமையோ என்னமோ, போடி. அத்தனை வருஷம் ஒண்ணுமே இல்லாம கிடந்ததுக்கு, குத்துறது எவ்வளவோ தேவலை."