செவ்வாய்க்கிழமை ஆலோசகர்

எங்கள் வீட்டில் தீப்பெட்டி கிடையாது. அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் லைட்டர்தான். அது மக்கர் செய்யும்போதெல்லாம் மனைவி திட்டுவாள், ஊர் உலகத்தில் தீப்பெட்டி இல்லாத வீடு நம் வீடுதான் என்று. நான் சிரித்து மழுப்பிவிடுவேன். காரணத்தை இத்தனை வருடத்தில் அவளிடம் சொன்னதில்லை. இப்போதும் எழுதத்தான் முடிகிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தேன். தகட்டை வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி அடிக்கும், வண்டிக்கு ஓர் உதிரிபாகம் விழும். அதுதான் தொழில். செவ்வாய்க்கிழமைதோறும் பத்து மணிக்கு அங்கே பாதுகாப்பு ஆலோசகர் வருவார். பெரிய தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, சர்க்கரை இல்லாத டீ, கார்பன் தாள் வைத்த நீள நோட்டு. ஷெட்டை ஒரு சுற்றுச் சுற்றுவார், மெஷினில் நிற்பவர்கள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டார். பிறகு ஆபீஸில் உட்கார்ந்து, முத்து முத்தான கையெழுத்தில் குறைகளை எழுதி நோட்டை என் பக்கம் திருப்புவார். நான் கையெழுத்துப் போட்டதும் மேல்தாள் அவர் பைக்குள் போகும், நகல் எனக்கு. எழுந்திருக்கும்போது மறக்காமல், "நான் சொல்லிட்டேன் தம்பி" என்பார். மடையன், அதைப் பெரிய பொறுப்புணர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது மெஷினில் மண்ணூர்பேட்டையிலிருந்து வரும் அக்கா ஒருவர். காலையில் மெஷினைத் தொடுவதற்கு முன் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொள்வார். அவருக்குப் பின்னால் சுவரில் பிள்ளையார் படம், அதன் கீழே பலகையில் வெள்ளிக்கிழமை பூஜைக்குக் கற்பூரமும் தீப்பெட்டியும். பிள்ளையாருக்குச் செலவான குச்சிகளைவிட மெஷின்களுக்குச் செலவானவைதான் அதிகம். மெஷினுக்கு இரண்டு பொத்தான் உண்டு. இரண்டு கையாலும் ஒன்றாக அழுத்தினால்தான் அச்சு இறங்கும். அப்படியென்றால் கை உள்ளே மாட்ட வழியில்லை, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் இடது பொத்தானை அழுத்தி, ஓரத்தில் ஒரு தீக்குச்சியைச் செருகிவிட்டால் அது அமுங்கியே நிற்கும். வலது கை அடித்துக்கொண்டே இருக்கலாம், இடது கை பீஸை எடுத்துக்கொண்டே இருக்கலாம். ஒருமுறை பேருக்குக் கேட்டுவைத்தேன். "ரெண்டு கையும் பட்டன்லயே கீதுன்னா பீஸை யாரு சார் எடுப்பா? நீ கேக்குற கணக்குக்கு இப்டித்தான் ஓட்டணும்" என்றார். தலையாட்டிவிட்டு நகர்ந்தேன். எனக்கும் வேலை ஆகவேண்டியிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆலோசகர் மூன்றாவது மெஷின் முன்னால் நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குச்சியைக் குனிந்து பார்த்தார். மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் அவர் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அக்கா அதைவிடப் பக்கத்தில் இருந்தார். ஆலோசகர் ஆபீஸுக்கு வந்து, மூன்றாம் எண் இயந்திரத்தில் இடது பொத்தான் அடைக்கப்பட்டுள்ளது, சரிசெய்யவும் என்று எழுதினார். கேட்டில் லாரி காத்திருந்தது, என் காதில் போன். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

வியாழக்கிழமை காலையில் குச்சி ஒடிந்துவிட்டது. வேறு குச்சியை எட்டி எடுக்க முடியாமல் அக்கா என்னைப் பார்த்தார். பலகையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து நானே அவர் கையில் கொடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிப்பதற்குள் அவருடைய இடது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவர் அழவில்லை. நான்தான் அழுதேன்.

மறுநாள், முதன்முறையாகச் செவ்வாய் அல்லாத ஒரு நாளில் ஆலோசகர் வந்தார். விசாரணைக்கு நான் அறிக்கை எழுதவேண்டும். தீப்பெட்டி விஷயத்தை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அவர் பேனாவை மூடி வைத்தார்.

"நீங்க குடுத்ததை யாராவது பார்த்தாங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப அதை எழுதாதீங்க. அந்தம்மாவே செருகினாங்கன்னு எழுதுங்க. அது பொய்யில்லையே."

எழுதிக்கொடுத்தேன். அவர் எனக்குச் சொன்ன அத்தனை ஆலோசனைகளில் நான் கேட்டு நடந்தது அது ஒன்றுதான்.

விசாரணையில் அவர் பையிலிருந்து அந்த மேல்தாளை எடுத்துக் காட்டினார். தேதி, குறை, என் கையெழுத்து, எல்லாம் இருந்தது. அவர் மேல் ஒரு தூசு ஒட்டவில்லை. ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று முடிவானது. கையெழுத்துப் போட்ட பாவத்துக்கு எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அக்காவுக்கு வேலையே இல்லை. கிணற்று விளிம்பில் நடக்கிறவளைக் கூப்பிட்டு நிறுத்தாமல், பஞ்சாயத்து ஆபீஸில் மனு கொடுத்துவிட்டுப் போகிறவனுக்கு என்ன பெயர்? எங்கள் எஸ்டேட்டில் ஆலோசகர் என்று பெயர். அவரை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவரைத் திட்டிக்கொண்டிருக்கும்வரை என்னைத் திட்டாமல் இருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும்.

கடைசிக் காகிதங்களில் கையெழுத்துப் போட அக்கா வந்த அன்று கேட் வரை கூடவே நடந்தேன். இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"தீப்பெட்டி நீ குடுத்ததுன்னு நான் யாராண்டயும் சொல்லல சார். நீயா சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்."

அவர் ரோட்டைக் கடந்து போய்விட்டார்.

இப்போது நானும் ஆலோசகர்தான். வயதும் அனுபவமும் ஏறினால் எங்கள் தொழிலில் வேறெங்கே போவது? போன வாரம் குத்தம்பாக்கம் பக்கம் ஒரு புது ஷெட். வரிசையில் கடைசி மெஷினில் ஒரு பெண், இடது பொத்தானின் ஓரத்தில் ஒரு தீக்குச்சி. குச்சியைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள், ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள். பக்கத்தில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். ஆபீஸுக்குப் போய் நோட்டில் எழுதினேன். அங்கிருந்த சூப்பர்வைசர் போனில் பேசிக்கொண்டே படிக்காமல் கையெழுத்துப் போட்டார். எழுந்திருக்கும்போது, "நான் சொல்லிட்டேன் தம்பி" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று உறைத்தது.

சாயங்காலம் துணி துவைக்க எடுத்தபோது மனைவி பைக்குள்ளிருந்து குச்சியை எடுத்து, கடைசியில் நம் வீட்டுக்கும் தீக்குச்சி வந்துவிட்டதே என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த ஷெட்டிலும் சாமி படத்துக்குக் கீழே ஒரு பலகை இருக்கிறது. அதன் மேல் தீப்பெட்டி, நிறையக் குச்சிகளோடு.