நான் தட்டிவிட்ட கை

இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. கணவர் யுத்தத்துக்குப் போனபின், மகளோடும் கைக்குழந்தையோடும் திருத்தணியில் கொழுந்தன் வீட்டோடு இருக்கிறேன். ஆறு வயது மகள் வள்ளிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. கொழுந்தன் மனைவி ரத்தினம் பொதட்டூர்பேட்டை நெசவுக்காரர் வீட்டுப் பெண். தறிச் சத்தத்தில் பேசினால் காதில் விழாது என்று அவள் பிறந்த வீட்டில் கையாலேயே பேசிக்கொள்வார்களாம். அதை வள்ளிக்கும் பழக்கிவிட்டாள்.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து விரல்களை ஆட்டிச் சிரிப்பார்கள். பெற்றவள் எனக்கு ஒன்றும் புரியாது. வயிறு எரியும். "இன்னாடி கொரங்கு வித்தை? வாயால அம்மான்னு கூப்பிடட்டும்" என்று வள்ளியின் கையைத் தட்டிவிடுவேன்.

சென்ற மாதம் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வள்ளி ஓடிவந்து, என் முகத்துக்கு நேரே விரல்களை மேலே மேலே ஆட்டினாள்.

"உங்க சித்தியாண்டயே போயி ஆட்டிகினு இரு" என்று தட்டிவிட்டேன். மறுபடி ஆட்டினாள். மறுபடி தட்டினேன்.

தண்ணீர்க் குடத்தோடு வந்த ரத்தினம் அதைப் பார்த்துவிட்டாள். "அக்கா, நெருப்புன்றா! தூளி எரியுதுன்றா!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள்.

அடுப்பிலிருந்து தெறித்த கங்கு தூளியின் நுனியில் பற்றியிருந்தது. உள்ளே என் கைக்குழந்தை. அந்த ஒரு குடம் தண்ணீரில் பிழைத்தான். ரத்தினம் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுகூட எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது தினமும் மாலையில் வள்ளியின் பக்கத்தில் நானும் உட்கார்ந்து ரத்தினத்திடம் கற்றுக்கொள்கிறேன். நான் தப்பாக ஆட்டினால், என் மகள் அவளைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள். வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனாலும் கையை மடக்குவதில்லை.