நாலு நாள் வேகமாக ஓடிய மெசின்

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, மாரி தொடங்க இன்னும் ஒன்றிரண்டு மாதம் இருந்தது. போர் நடந்த வன்னியில், இயக்கத்தின் கட்டுப்பாட்டிலிருந்த துணுக்காய்ப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய கணினிப் பயிற்சி நிலையத்தில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்து நாலு. எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நம்புகிற வயது. அங்கே நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. மனைவிக்குக்கூடப் பாதிதான் தெரியும்.

நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். கிடுகுக் கூரை, சிமெந்து நிலம், மூன்று பழைய கணினிகள், பின்பக்கம் ஒரு ஜெனரேற்றர். எங்கள் பக்கம் மின்சாரம் நின்று பல வருடங்கள். டீசலுக்குப் பெரிய தட்டுப்பாடு. ஜெனரேற்றரைக் காலை எட்டு மணிக்குத் தொடங்கி, ஒன்பதுக்கு நிறுத்திப் பத்து நிமிடம் ஆறவிட்டு, திரும்பத் தொடங்கினால் பதினொன்று பத்து வரை ஓடும். அதோடு அன்றைய வேலை முடிந்தது.

பற்றறியும் வன்னிக்குள் கொண்டுவர அரசாங்கம் அனுமதிக்காத சாமான். ரோச் லைற் பற்றறி மட்டுமல்ல, கணினிக்குள் நேரத்தை நினைவில் வைத்திருக்கும் சின்ன வட்டப் பற்றறியும் அந்தப் பட்டியலில்தான். எங்கள் பெரிய மெசினில் அது செத்து ஒரு வருடமாகியிருந்தது. மின் நின்றால் மெசின் எல்லாவற்றையும் மறந்துவிடும். தன்னுள் இருப்பது எந்த ஹாட் டிஸ்க், இன்றைக்கு என்ன தேதி, இப்போது என்ன நேரம் என்று ஒவ்வொரு முறை போடும்போதும் நாங்கள் கையால் தட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அது எங்களுக்குப் பல் தீட்டுவது மாதிரிப் பழகிவிட்டது.

அந்த மெசினில்தான் எங்கள் பெரிய கனவு இருந்தது. ஒரு தடித்த புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டியிருந்த சீடியில் லினக்ஸ் எங்களுக்குக் கிடைத்தது. அதன் அடிக்கருவான கேர்னலைத் திருத்தி, மெசின் தொடங்கியவுடனேயே கறுப்புத் திரையில் தமிழ் எழுத்து வரச் செய்யவேண்டும் என்பது திட்டம். கேர்னல் நூற்றுக்கணக்கான துண்டுகளாக எழுதப்பட்ட நிரல். அதை மெசினுக்கு விளங்கும் வடிவத்துக்கு மாற்றுவதைத்தான் கொம்பைல் பண்ணுவது என்பார்கள். எல்லாத் துண்டையும் முதலிலிருந்து மாற்ற அந்தப் பழைய மெசினுக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். ஒரு துண்டை மட்டும் திருத்தினால் அதை மட்டும் புதிதாக மாற்றி, மற்றதையெல்லாம் பழையபடி பொருத்திக்கொள்ளும். பத்து நிமிட வேலை.

என்னோடு வேலை செய்தது ஒரு அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது கூட. மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கலவர காலத்தில் வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் அவருடையது. கலியாணம் முடித்து வவுனியாவில் இருந்தவர், தாயின் செத்தவீட்டுக்கு என்று இந்தப் பக்கம் வந்த இடத்தில் பாதை பூட்டுப்பட்டு மாட்டிக்கொண்டார். கணவர் வவுனியாவில் ஒரு அரிசி ஆலையில் வேலை. திரும்பிப் போக இயக்கத்திடம் பாஸ் கேட்டு எழுதிப்போட்டுவிட்டுச் சித்தப்பா வீட்டில் காத்திருந்தார். பாஸ் கிடைப்பதற்கு வேலை செய்கிற இடத்திலிருந்து ஒரு நல்ல கடிதம் வேண்டும். அதைப் பற்றி நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அவர் தட்டச்சும் கணினியும் முறையாகப் படித்தவர். சதுரக்கோட்டுக் கொப்பியில் எட்டுக்குப் பதினாறு கட்டத்துக்குள் ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் புள்ளி புள்ளியாக அடைப்பார். 'ண' அந்த அகலத்துக்குள் அடங்காமல் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. எட்டிலிருந்து ஒன்பது வரை மெசின் அவருக்கு, ஒன்பது பத்திலிருந்து எனக்கு. இரண்டு பேரும் திருத்தியது அனேகமாக ஒரே துண்டைத்தான். திரையில் எழுத்தைப் போடுகிற துண்டு அது.

பிரச்சினை எப்படித் தொடங்கியதென்றால், நான் திருத்துகிற திருத்தம் எதுவும் ஒட்டவில்லை. ஒரு வரியை மாற்றுவேன், சேமிப்பேன், கொம்பைல் பண்ணுவேன். ஒரு பிழையும் காட்டாமல் முடியும். மெசினைத் திரும்பத் தொடங்கிப் பார்த்தால் பழைய கோலத்திலேயே நிற்கும். சரி என்று முன்பு கொம்பைல் ஆனதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து கொம்பைல் பண்ணினால்தான் என் திருத்தம் தெரியும். அதற்கு ஒன்றரை மணித்தியாலம். அது முடிகிற நேரம் ஜெனரேற்றரும் நிற்கும். இப்படி ஒரு நாளைக்கு ஒரு வரி என்று வேலை போனது. அந்த அக்காவுக்கோ அதே மெசினில், அதே துண்டு, பத்தே நிமிடத்தில் முடிந்துகொண்டிருந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் முதலில் கூடத்தைத்தான் குறை சொன்னேன். மெமரியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். டிஸ்க் பழுதோ என்று ஒரு நாள் முழுக்கச் சோதித்தேன். ஜெனரேற்றர் ஒழுங்காகக் கரண்ட் தரவில்லை என்று அதைப் பார்க்கிறவரோடு சண்டை பிடித்தேன். வெக்கையில்தான் மெசின் மந்தமாகிறது என்று பெட்டியைத் திறந்துவைத்துப் பனையோலை விசிறியால் விசிறிக்கூடப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை.

கூடம் நேர் என்று தெரிந்தபின் மனம் ஆளைத் தேடியது. தேடத் தொடங்கினால் காரணத்துக்கா பஞ்சம்? அவர் இராணுவத்தின் கையிலிருந்த வவுனியாவிலிருந்து வந்தவர், அங்கே யாரோடு பழக்கமோ. ஒவ்வொரு முறை கொம்பைல் பண்ணும்போதும் தன் கொப்பியில் ஏதோ குறிக்கிறார். கையில் கட்டிய மணிக்கூட்டை அடிக்கடி பார்க்கிறார், பார்த்துவிட்டு வாய்க்குள் ஏதோ கணக்குப் பார்க்கிறார். நான் வந்தால் கொப்பியை மூடுகிறார். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணிக்கு வந்து வயல் செய்த எங்கள் வீட்டில், மலையகத்து ஆட்களைத் 'தோட்டக்காட்டுச் சனம்' என்று ஒரு மாதிரித்தான் பேசுவார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருந்திருக்கிறது. அந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பெண்ணொருத்தி இருந்திருந்தால் நான் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன்.

நிலையப் பொறுப்பாளரிடம் போனேன். அவர் கணக்குப் பாடம் படிப்பித்தவர், அவசரப்படாத மனிதர். அக்கா தன் நேரத்தில் மெசினுக்குள் ஏதோ செய்துவைத்துவிட்டுப் போகிறார், என் வேலை முன்னேறக்கூடாது என்று நினைக்கிறார், அல்லது வேறு யாருக்காகவோ செய்கிறார் என்று சொன்னேன். கடைசி வார்த்தை ஆளை உளவாளியாக்கும், அதற்கு அந்தக் காலத்தில் என்ன பாரம் என்பது எனக்குத் தெரியாமலில்லை.

"வடிவாத் தெரியுமோ, சந்தேகமில்லையோ?" என்று கேட்டார்.

"ஓம் சேர். அவா செய்யேக்க பத்து நிமிசம், நான் செய்யேக்க ஒண்டரை மணித்தியாலம். மெசின் ஒண்டுதானே."

 அவர் அக்காவை நாலு நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிப் பார்ப்போம் என்றார். பாஸுக்கான கடிதத்தைப் பற்றி அவரே சொன்னார். விசாரணை முடியாமல் கடிதம் கொடுக்க ஏலாது, பாஸுக்குக் கடிதம் சேர்க்க அந்தக் கிழமைதான் கடைசி என்று அந்தப் பிள்ளை சொன்னது, என்ன செய்வது என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அந்த நாலு நாளும் மெசின் பறந்தது. எட்டு மணிக்கே நான் உட்காருவேன். திருத்துவேன், பத்து நிமிடத்தில் முடியும், திருத்தியபடியே திரையில் வரும். முதல் நாள் ஐந்து தடவை, இரண்டாம் நாள் எட்டுத் தடவை. நாலாம் நாள் 'வணக்கம்' என்று முழுச் சொல்லும் ஒழுங்காக வந்தது. பொறுப்பாளரைக் கூட்டிவந்து காட்டினேன். எனக்குச் சந்தோஷம் எழுத்து வந்ததற்கல்ல, என் சந்தேகம் சரியென்று ஆனதற்குத்தான். அவரும் பெருமூச்சு விட்டு, "அப்ப சரி. நாளைக்கு வரச்சொல்லுவம்" என்றார். அக்காவை வேலையால் நிற்பாட்டப் போகிறார் என்று எனக்கு விளங்கியது.

அதோடு நின்றிருக்கலாம். நான் அக்காவின் மேசை லாச்சியைத் திறந்து அந்தக் கொப்பியை எடுத்தேன். கையோடு ஒரு சாட்சியும் இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். உள்ளே ஒவ்வொரு நாளும் எந்த எழுத்தைத் திருத்தினார், எத்தனை மணிக்குத் தொடங்கினார், எத்தனை மணிக்கு முடித்தார் என்று அழகான கையெழுத்தில் வரிவரியாக இருந்தது. கடைசி நாள் வரியில், 'ண திருத்தம், 9.28க்கு முடிந்தது'. எனக்கு இரத்தம் கொதித்தது. ஒன்பதுக்கு அவர் எழும்பிவிடுவார். ஒன்பது இருபத்தெட்டுக்கு அந்தக் கதிரையில் இருந்தது நான். முன்பக்கங்களைப் புரட்டினால் 9.24, 9.26 என்று எல்லா நாளும் பொய்.

அடுத்த நாள் பொறுப்பாளரின் அறையில் மூன்று பேரும் இருந்தோம். அக்கா கதிரையின் நுனியில் இருந்தார். நாலு நாளில் ஆள் வாடியிருந்தார். பொறுப்பாளர் கொப்பியை விரித்து அந்த வரியில் விரலை வைத்தார்.

"பிள்ளை, இதில ஒன்பது இருபத்தெட்டுக்கு முடிஞ்சது எண்டு எழுதியிருக்கிறீர். அந்த நேரம் மெசினில இருந்தது தம்பி எல்லோ?"

அக்கா கொப்பியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தன் லாச்சி திறக்கப்பட்டிருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"ஓம் சேர். அது புது நேரம்."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது விளங்காது. அதற்குச் சில வருடம் முன்பு அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை முன்தள்ளி வைத்தது. கடைசியில் அரை மணி முந்தி என்று நிலைத்தது. எங்கள் பக்கம் அதை ஏற்கவில்லை. ஆகவே வவுனியாவில் ஒன்பதரை என்றால் எங்களுக்கு ஒன்பது. கலியாண வீட்டுக்குச் சொன்னால்கூட, பழைய நேரமோ புது நேரமோ என்று கேட்டுக்கொள்வோம். அப்படி நாள்தோறும் கேட்டுப் பழகிய எனக்கு, பக்கத்து மேசையில் இருந்தவரிடம் மட்டும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

"இஞ்ச வந்தும் ஏன் மணிக்கூட்டை மாத்தேல்ல?" என்று பொறுப்பாளர் கேட்டார்.

அக்கா இடது கையைப் பார்த்தபடி சொன்னார். "அவர் அங்க புது நேரத்தில இருக்கிறார் சேர். கடிதம் வர ஒரு மாசம் செல்லுது. இப்ப வேலைக்கு வெளிக்கிட்டிருப்பார், இப்ப சாப்பிடுவார் எண்டு பாக்கிறதுக்கு என்னட்ட இது ஒண்டுதான் இருக்கு. இஞ்சத்த நேரத்த நான் மனசுக்க கழிச்சுக் கொள்ளுவன்."

 காலையில் மெசினைப் போடும்போது அதற்கு எந்த நேரத்தைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். மணிக்கூட்டில் இருந்ததைத்தான் என்றார்.

எல்லாம் அந்த நிமிடமே விளங்கிவிட்டது. எந்தத் துண்டைத் திரும்பக் கொம்பைல் பண்ணவேண்டும் என்று மெசின் எப்படி முடிவெடுக்கும் என்றால், நேரத்தைப் பார்த்துத்தான். நிரலைத் திருத்திய நேரம், அது கடைசியாகக் கொம்பைல் ஆன நேரத்துக்குப் பிந்தியிருந்தால் அந்தத் துண்டைப் புதிதாக மாற்றும். முந்தியிருந்தால், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடும். அக்காவின் கடைசி வேலையில் 9.28 என்று முத்திரை விழுந்திருக்கும். ஜெனரேற்றர் நின்று திரும்பத் தொடங்க, நான் என் பழைய நேரத்தைக் கொடுத்து, 9.15க்கு ஒரு வரியைத் திருத்துவேன். மெசினின் கண்ணுக்கு என் திருத்தம் பழையது. அதைத் தொடாது. நான் பொறுமையாக அரை மணித்தியாலம் சும்மா இருந்திருந்தால் தானாகவே சரியாகியிருக்கும். அந்தப் பொறுமைதான் என்னிடம் இல்லையே. அக்கா வராத நாலு நாளும் மெசினுக்கு ஒரே நேரம், அதனால்தான் பறந்தது.

இதை அங்கேயே திக்கித் திணறிச் சொல்லிமுடித்தேன். பொறுப்பாளர் கொப்பியை மூடி அக்காவிடம் கொடுத்தார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெளியே வந்தபோது அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "என்னட்ட ஒருக்கா நேரம் கேட்டிருக்கலாமே தம்பி."

பொறுப்பாளர் அன்றைக்கே கடிதம் எழுதிக் கொடுத்தார். நானே சைக்கிளில் பாஸ் கொடுக்கிற இடத்துக்குக் கொண்டுபோனேன். முந்தின நாளோடு அந்த முறைக்கான பட்டியல் முடிந்துவிட்டது, அடுத்த முறை பார்ப்போம் என்றார்கள். கெஞ்சிப் பார்த்தேன், அசையவில்லை. அடுத்த முறை வர ஐந்து மாதமானது. அந்த ஐந்து மாதமும் அவர் எட்டு மணிக்கு வந்தார், என் பக்கத்து மேசையில் இருந்து எழுத்தெல்லாம் வரைந்து முடித்தார். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல, விடுங்கோ" என்றார். அதுவரை என்னை 'நீ' என்று கூப்பிட்டவர்.

மெசினுக்குப் பழைய நேரத்தையே கொடுப்பது என்று பேசிக்கொண்டோம். கைமணிக்கூட்டை மட்டும் அவர் மாற்றவில்லை. கொப்பியில் குறிப்பதையும் நிறுத்தவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். இப்போது ஒவ்வொரு வரியிலும் இரண்டு நேரம் எழுதினார், முதலில் புதியது, பக்கத்தில் அடைப்புக்குள் பழையது. எழுதிவிட்டு, நான் பார்க்கக்கூடியதாகக் கொப்பியை விரித்தபடியே மேசையில் வைப்பார். என் பக்கமாகத் திருப்பி.

நான் பிற்காலத்தில் எத்தனையோ மெசின்களின் மந்தத்தைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். ஆனால் என் நெஞ்சில் நிற்பது மந்தமாக ஓடிய மெசின் அல்ல, அக்கா வராத அந்த நாலு நாளும் வேகமாக ஓடிய மெசின்தான். பிழையான சந்தேகத்துக்கும் சரியான சாட்சி கிடைக்கும் என்பதை அன்றைக்குக் கண்டதால், யார் மேலாவது சந்தேகம் வந்து அதற்கு ஆதாரமும் கையில் கிடைக்கும்போதுதான் எனக்கு இன்றும் கூடுதலாகப் பயம் வருகிறது.