புழு எண்ணெயும் அப்பாவின் பெயரும்

1934ஆம் ஆண்டு ஆடி மாதத்து முதல் திங்கட்கிழமை, காலை ஆறு மணிக்கு, இலங்கைத் தலவாக்கலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த எங்கள் லயத்து முற்றத்தில் அந்த நெடி எழுந்தது. மண்ணெண்ணெயில் கசப்புக் கீரையை ஊறவைத்தாற்போலத் தொண்டையைப் பிடிக்கும் நெடி. ஏதோ ஒரு பூண்டின் விதையிலிருந்து வடித்த எண்ணெய் அது. குடலைக் கவ்வி இரத்தம் உறிஞ்சும் கொக்கிப் புழுவை எண்ணெய் மயக்கும். பின்னால் தரும் பேதி உப்பு வெளியே தள்ளும். நாங்கள் அதைப் "புழு எண்ணெய்" என்போம்.

அம்மாவின் குடலில் அந்தப் புழு இருந்தது. முகம் வெளுத்து, சோறு இறங்காமல், சுவர் மண்ணைக் கிள்ளித் தின்னத் தொடங்கியிருந்தாள். முந்திய சனிக்கிழமை மேல்மலைக்கு ஏறும் வழியில் கூடையோடு சரிந்தபோது, "இன்னொரு வாட்டி விழுந்தா பேர வெட்டிருவேன்" என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். பேர் வெட்டினால் வேலை போகும்.

ஆயினும் சென்ற முறை அம்மா எண்ணெயை விழுங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். "கொடல அறுத்துப்புடும்" என்ற பேச்சுக்கு அஞ்சிய பெண்கள் பலரும் அப்படித்தான். பெண்களை வாய் திறக்கச் சொல்லக் கூசிய தோட்டத்து மருந்தையா, விழுங்கினார்களா என்றறியப் புருஷன் பெயரைக் கேட்பார். பெண்கள் அதைச் சொல்லும் வழக்கமில்லையாதலால் பின்னால் நிற்பவள் சொல்லிவிடுவாள். வாய் நிறைய எண்ணெயோடு தலைகுனிந்தவள் தேயிலைச் செடிக்குள் போய்த் துப்பிவிடுவாள். சிறுமியான எனக்கு அந்த வசதி இல்லை. என் பெயரை நானே சொல்ல வேண்டியிருந்ததால் விழுங்கியே தீரவேண்டும்.

வரிசையில் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "நான் முழுங்குனேனே, எனக்கு என்னம்மா கொடலு அறுந்தா போச்சு?"

அம்மா முன்னே நகர்ந்தாள். கிண்ணம் வந்தது.

"புருஷன் பேரென்ன?" என்றார் மருந்தையா.

பின்னால் நின்ற பக்கத்துக் காம்பரா அறையில் குடியிருந்த ராக்காயி அத்தை வாயெடுக்குமுன், அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கி, முற்றம் முழுதும் கேட்க, "வீரமுத்து!" என்றாள்.

ஆண்கள் வரிசையிலிருந்த அப்பா திடுக்கிட்டு, "இந்தா இருக்கேன்!" என்றார். லயமே சிரித்தது.

"அடி ஆத்தி! எங்கண்ணன் பேர ஏலம் போடுறாளே!" என்றாள் அத்தை.

"அடுத்தது ஒன் மொறதான். நீயும் போடுடி" என்றாள் அம்மா.

எல்லார் கண்ணும் தன்மேல் இருக்க, அத்தைக்கு வேறு வழியிருக்கவில்லை. அன்று ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகப் புருஷன் பெயரைக் கூவினார்கள். தேயிலைச் செடிக்குள் எவளும் ஒதுங்கவில்லை.

அந்த எண்ணெய் இப்போது வருவதில்லை, மாத்திரை வந்துவிட்டது. அகப்பாட்டில் தலைவன் பெயரைச் சுட்டலாகாது என்று நான் இப்போது படிக்கும் கல்லூரி வகுப்பில் பாடம் நடக்கையில், ஏனைய மாணவிகள் குறிப்பெடுக்க, நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்குப் பின் சில வாரங்களில் அம்மா கூடையோடு மேல்மலையின் உச்சிவரை ஏறினாள். ஆனால் நாங்கள் வென்றுவிட்டோம் என்பதை நான் அறிந்தது எண்ணெய் விழுங்கிய மறுநாள் காலையிலேயே. தன் ரொட்டியைத் தின்று முடித்தவள், என்னைக் கேளாமலே என் தட்டிலிருந்து பாதியைப் பிய்த்தெடுத்துத் தின்றாள்.