அம்மாவின் காலில் ஊற்றிய தண்ணீர்

சித்தப்பா அழுததைத்தான் எங்கள் ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் வந்தால் போதும், மாதா கோவில் வாசலில் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். "என்னா அழுகை! கல்லும் கரைஞ்சிடும்." கல் கரைந்ததோ என்னவோ, எங்கள் உப்பு கரைந்தது. அதை யாரும் சொல்வதில்லை. நான் ஐந்தாவதோடு நின்றவள். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

மரக்காணத்து உப்பளத்தில் அப்பாவும் சித்தப்பாவும் அடுத்தடுத்த பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். கோடை முழுக்க வாரிய உப்பைக் கரையில் அம்பாரமாகக் குவித்து, ஐப்பசி மழைக்கு முன் தென்னங்கீற்றால் மூடிவிட வேண்டும். மூடாத உப்பு மழையோடு போய்விடும். அந்த வருஷம் அப்பா காலில் புண் புரையோடி, புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மா துணைக்குப் போனாள்.

"நீங்க போங்க அண்ணி, அம்பாரத்த நான் பாத்துக்கறேன்" என்றார் சித்தப்பா.

பார்த்துத்தான் கொண்டார். அம்மா உட்கார்ந்து பின்னி வைத்திருந்த கீற்றை எல்லாம் எடுத்துத் தன் அம்பாரத்தின்மேல் இரண்டாம் அடுக்காகப் போட்டுக்கொண்டார். மழை கொட்டியது. அம்மா திரும்பி வந்து கேட்டதற்கு, "காத்து தூக்கிட்டுப் போயிடுச்சி அண்ணி" என்றார். எங்கள் கீற்றை மட்டும் தேடிப்பிடித்துத் தூக்கிய காற்று!

குத்தகை கைவிட்டுப் போனது. அப்பாவால் பிறகு அளத்தில் நிற்க முடியவில்லை. அம்மா அடுத்தவர் அளத்தில் கூலிக்கு உப்பு சுமந்தாள். பாதமெல்லாம் வெடிப்பு. சித்தப்பாவோ கோவில் திருவிழாக் கமிட்டியில் முன்னால் நின்று குடை பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா அவரோடு பேச்சை நிறுத்தினாள்.

எங்கள் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவி முடித்ததும், பகையாய் இருக்கிற குடும்பத்தார் வாசலுக்கு வந்து ஒருவர் காலில் ஒருவர் தண்ணீர் ஊற்றிச் சமாதானம் ஆக வேண்டும். ஆகாதவர்களுக்கு ஈஸ்டர் பூசையில் நன்மை அப்பம் கிடையாது. சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியார் அதைச் சொல்ல எங்கள் வீட்டுக்கு வந்தார். சித்தப்பா வீட்டுக்குப் போனதாகத் தெரியவில்லை.

"எழுபது தடவ ஏழு தடவ மன்னிக்கணும்னு ஆண்டவர் சொல்லியிருக்காரும்மா."

"அத்தன தடவயும் மன்னிக்கறேங்க ஐயா. அவரு ஒரு தடவ கூட கேக்கலையே."

"ஆம்பள, வாய் விட்டு கேப்பாரா? நீதான் எறங்கி வரணும்."

"அளத்துல எறங்கித்தான் நிக்கறேன். இன்னும் எங்க எறங்கறது?"

கட்டிலிலிருந்து அப்பா, "போயிட்டு வந்துடு. அவன் என் தம்பி" என்றார். "அப்ப நான் யாரு?" என்று கேட்டாள் அம்மா. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அம்மா போனாள். நானும் போனேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்தக் கோடையில் கோவில் கிணறு வற்றிவிட்டது. குடிக்கிற தண்ணீரே வண்டியில்தான் வந்தது. அதைக் காலில் கொட்ட யாருக்கு மனசு வரும்? கோவில் வேலைக்காரர் அளத்து வாய்க்காலில் மொண்டு வந்து அண்டாவை நிரப்பி வைத்துவிட்டார். சித்தப்பா சொம்பால் மொண்டு அம்மாவின் காலில் ஊற்றினார். உப்புத் தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கியது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். விரல்கள் மடங்கிக்கொண்டன. வழிந்த தண்ணீர் சிவப்பாக ஓடியது.

சித்தப்பா அதைப் பார்த்தார். சொம்பு நழுவியது. கேவிக் கேவி அழ ஆரம்பித்தார். அவ்வளவுதான், ஊரே அவரைச் சூழ்ந்துகொண்டது. "அழாதப்பா, அழாத" என்று ஒருவர் துண்டால் அவர் முகத்தைத் துடைத்தார். இன்னொருவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். அந்த உப்புத் தண்ணீரிலேயே நின்றுகொண்டிருந்த அம்மாவிடம் 'எரியுதா' என்று கேட்க ஒரு நாதி இல்லை. எனக்கு அந்த அண்டாவை எட்டி உதைக்க வேண்டும்போல இருந்தது.

அடுத்து அம்மாவின் முறை. அவள் சொம்பைத் தொடவில்லை. "பாப்பா, வூட்டுக்கு ஓடி குடிக்கிற தண்ணி கொடத்த எடுத்துக்கினு வா" என்றாள்.

அவள் காலுக்குத்தான் என்று நினைத்து, ஓடிப் போய் இடுப்பில் வைத்துத் தூக்கி வந்தேன். அதை வாங்கி அவள் சித்தப்பாவின் காலில் ஊற்றினாள்.

"நல்ல தண்ணி எதுக்கு அண்ணி..."

"சும்மா நில்லுங்க தம்பி. எரிஞ்சவளுக்குத்தான் தெரியும்."

குடம் பாதி காலியானபோது சித்தப்பா தலையைத் தூக்காமல் சொன்னார்: "காத்து தூக்கல அண்ணி. நான்தான்."

"என் பின்னலு எனக்குத் தெரியாதா? மன்னிச்சிட்டேன், போங்க." மீதித் தண்ணீரையும் ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள். "மன்னிச்சேன்னுதான் சொன்னேன். இன்னொரு தடவ உங்கள காவலுக்கு வெப்பேன்னு சொல்லல." உபதேசியாருக்கு இருமல் வந்துவிட்டது.

வீடு வரும்வரை நான் குமுறினேன். "அவருக்கு நல்ல தண்ணி, நமக்கு உப்புத் தண்ணியா? இப்ப குடிக்க என்னா பண்றது?"

"வாய மூடிக்கினு வாடி" என்றாள். அவள் நடையில் இருந்த கோபம் எனக்குப் பிடித்திருந்தது.

ஈஸ்டர் பூசையில் சித்தப்பா முதல் ஆளாய்ப் போய் நன்மை வாங்கினார். அம்மா எழுந்திருக்கவில்லை. உபதேசியார் கையைக் காட்டிக் கூப்பிட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். பூசை முடிந்து சாமியார் கேட்டபோது, "மன்னிச்சிட்டேன் சாமி. கோவம்தான் இன்னும் போகல. அத வெச்சிக்கினு எப்பிடி வாங்கறது?" என்றாள். அப்படியானால் வியாழக்கிழமை சொன்னது பொய் என்று நான் முடிவு கட்டினேன்.

அன்று மதியம் சித்தி ஒரு தூக்கில் கறிக்குழம்பு அனுப்பியிருந்தாள். அம்மா தூக்கைக் கழுவினாள். வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாதென்று, டப்பாவைத் தட்டித் தட்டி இருந்த சர்க்கரையை அதில் கொட்டினாள். கொட்டும்போதே வாய் சித்தப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தது. பாவி, படுபாவி, நல்லா இருப்பானா என்று விடாமல் திட்டினாள்.

"திட்டிக்கினே எதுக்கும்மா சக்கர குடுக்கற?" என்றேன்.

"எறும்பு மொய்க்கறதுக்குள்ள ஓடுடி."

திட்டு பொய்யா, சர்க்கரை பொய்யா என்று இன்றைக்குக் கண்டுபிடித்தே தீர்வது என்ற ஆத்திரத்தோடு, தூக்கை ஆட்டிக்கொண்டு சித்தப்பா வீட்டைப் பார்த்து நடந்தேன்.