சர்க்கார் அரிசியும் சனிக்கிழமைக் கூடையும்

நடந்தவை இவை:

1. அரிசி விலை ஏறியது.
2. அரசாங்க ஊழியருக்கென்று மலிவு விலைக் கடை திறந்தார்கள்.
3. என் மளிகைக்காரரை இனி வர வேண்டாம் என்றேன்.
4. எனக்குக் குளிர்காய்ச்சல் கண்டது.

கோலாலம்பூர் அரசாங்கத் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுப்பது என் வேலை. பிரிக்பீல்ட்ஸில் தனியாக வசிக்கிறேன். பகலெல்லாம் யார் யாரையோ பேச வைத்துவிட்டு வீடு திரும்பினால், என்னோடு பேச ஆள் இல்லை. சனிக்கிழமைதோறும் என்ன சாமான் வேண்டும் என்று கேட்டு, கூடையோடு கதவைத் தட்டுபவர் மளிகைக்காரர் காதர் பாய் மட்டுமே. அவரையும் நிறுத்திவிட்டேன்.

காய்ச்சல் வந்தது விடுப்பு வாரத்தில். அதனால் அலுவலகத்திலும் யாரும் தேடவில்லை. எழுந்து தாழ்ப்பாளைத் திறக்கக்கூட முடியாமல் கிடந்தேன்.

சனிக்கிழமை சன்னலருகே பாயின் குரல் கேட்டது.

"கொடியில துணியெல்லாம் மழையில நனையுது. சர்க்கார் அரிசி சாப்பிட்டுட்டுத் தங்கச்சி அசந்து தூங்குதா?"

என்னால் முனகத்தான் முடிந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவர், அக்கம்பக்கத்தாரைக் கூட்டிக் கதவை உடைத்தார். இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்கமாட்டேன் என்றார் டாக்டர்.

தேறியபின் கேட்டேன், "வர வேணாம்னு சொன்னேனே, பாய்?"

"பக்கத்து வீட்டுக்கு வந்தேன்லா. அரிசியைச் சர்க்கார் கடையிலேயே வாங்குங்க. அந்தக் கடை இல்லாட்டி, எங்களுக்கு மூட்டை போடுற மொத்த வியாபாரி இன்னும் விலை ஏத்துவான். பருப்பு, மிளகாய் நம்மகிட்ட வாங்குங்க."

இப்போது அப்படித்தான் வாங்குகிறேன். சனிக்கிழமைகளில் பாய் வருகிறார். மற்ற ஆறு நாளும் என் கதவை யாரும் தட்டுவதில்லை.